ரப்பர் பால் படலத்தில் மனித செல் வளர்ப்பு: கையுறைத் துண்டில் சாகிறதே, இதில் எப்படி வளரும்?

வளர்தட்டு எழுதியது:

வணக்கம். திசு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு பொருள் வந்தால் அது செல்களுக்கு நஞ்சா இல்லையா என்று சோதிப்போம். அப்போது "இது கட்டாயம் கொல்லும்" என்று காட்ட ஓர் ஒப்பீட்டுப் பொருளும் கூடவே வைப்போம். எங்கள் ஆய்வகத்தில் அது கையுறையிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு. எல்929 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் மேல் அதை வைத்தால், மறுநாள் காலையில் துண்டைச் சுற்றி வட்டமாக வெறிச்சோடிக் கிடக்கும். ஓரத்தில் இருப்பவையும் உருண்டு, தட்டை விட்டுக் கழன்று மிதக்கும்.

இப்போது என் வழிகாட்டி, இயற்கை ரப்பர் பாலை மெல்லிய படலமாக வார்த்து அதன் மேல் மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்களை வளர்க்க முடியுமா பார் என்கிறார். பிரேசிலில் இதே படலத்தை ஆறாத புண்ணுக்கு மேல் போடுகிறார்களாம். செல்லைக் கொல்ல நாங்கள் வைக்கும் பொருளே அங்கே புண் ஆற்றுகிறது! இரண்டும் ஒரே மரத்துப் பால்தானே? ரப்பரோடு நேரடியாக வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

---

கந்தகம் எழுதியது:

ரப்பர் தொழிலில் நெடுநாள் இருக்கிறேன். ஒரே மரத்துப் பால்தான், ஆனால் உங்கள் தட்டில் செல்லைக் கொன்றது மரத்துப் பால் இல்லை.

கையுறை செய்யும்போது பாலில் கந்தகம், ஜிங்க் ஆக்சைடு, அப்புறம் ஆக்சலரேட்டர் என்று நாங்கள் சொல்லும் வேகமூட்டிகள் எல்லாம் சேர்ப்போம். டைத்தயோகார்பமேட் வகைதான் அதிகம் புழங்கும்: இஸட்டிஇசி, இஸட்டிபிசி என்று சுருக்கிச் சொல்வது. இவை முழுவதும் வினையில் தீர்ந்துவிடுவதில்லை. மிச்சம் ரப்பருக்குள் தங்கி மெதுவாக வெளியே கசியும். உங்கள் மீடியத்தில் (செல்லுக்கு ஊற்றும் ஊட்டத் திரவத்தில்) இறங்குவது அதுதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். மருத்துவச் சாதனங்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10993 தரநிலைக்கு ஜப்பானில் செய்த ஒப்பீட்டுப் படலங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் 0.1 சதவீதம் இஸட்டிஇசி, இன்னொன்றில் 0.25 சதவீதம் இஸட்டிபிசி. இரண்டும் பாலியூரிதேன் படலங்கள். ரப்பர் ஒரு துளிகூடக் கிடையாது. ஆனாலும் செல்களைக் கொல்கின்றன. அவற்றைக் கொல்லும் பொருள் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் "ரப்பரில் செல் வளருமா" என்று கேட்பதற்கு முன்னால், "அந்த ரப்பரில் வேறு என்னென்ன இருக்கிறது" என்று கேளுங்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

> மிச்சம் ரப்பருக்குள் தங்கி மெதுவாக வெளியே கசியும்

அப்படியென்றால் வேகமூட்டி சேர்க்காத சுத்தமான பாலை வாங்கி வார்த்தால் முடிந்ததே?

---

கந்தகம் எழுதியது:

அவ்வளவு சுலபம் இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சந்தையில் டிரம்மில் வருவது மையவிலக்கில் சுற்றி 60 சதவீதம் ரப்பர் வரை அடர்த்தியாக்கிய பால். அதில் இரண்டு ரகம். ஒன்று ஹெச்ஏ: அம்மோனியா 0.6, 0.7 சதவீதம், அவ்வளவுதான். இன்னொன்று எல்ஏ-டிஇஸட்: அம்மோனியா 0.2 சதவீதம்தான், ஆனால் கெடாமல் இருக்க டிஎம்டிடியும் ஜிங்க் ஆக்சைடும் கொஞ்சம் போட்டிருப்பார்கள். டிஎம்டிடி வேகமூட்டிக் குடும்பத்துப் பிள்ளைதான், டைத்தயோகார்பமேட்டுக்கு நெருங்கிய சொந்தம். "ஒன்றும் சேர்க்காத பால்" என்று நினைத்து இந்த ரகத்தை வாங்கி வார்த்தால் நஞ்சையும் சேர்த்தே வார்ப்பீர்கள். டிரம் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஒரு சொட்டுகூட எடுக்காதீர்கள்.

அப்புறம், வல்கனைஸ் செய்யாத, அதாவது ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காத படலம் பிசுபிசுக்கும், இழுத்தால் மீளாது, கொஞ்ச நாளில் உருக்குலையும். அதைக் கடக்க ஒரு நல்ல வழி உண்டு: கந்தகத்துக்குப் பதில் காமாக் கதிர். பாலிலேயே கதிர் பாய்ச்சி ரப்பர் சங்கிலிகளைப் பிணைத்துவிடலாம். இதை ஆர்விஎன்ஆர்எல் என்பார்கள். கந்தகமும் இல்லை, டைத்தயோகார்பமேட்டும் இல்லை, வேகமூட்டியிலிருந்து உருவாகும் நைட்ரோசமீன் என்ற புற்றுநோய்க் காரணி பற்றிய கவலையும் இல்லை. என்-பியூட்டைல் அக்ரிலேட் என்று ஓர் உணர்வூட்டி மட்டும் சேர்ப்பார்கள்; அதன் மிச்சத்தை விரட்ட வேண்டும். ஜப்பானின் தகாசாகியில் இதில் நிறைய வேலை நடந்தது. கோட்டயத்தில் ரப்பர் வாரியமும் இதற்கு ஓர் ஆலை வைத்திருந்தது. உங்களுக்கு ஏற்ற பாதை இதுதான் என்பேன்.

---

ஒட்டும்_செல் எழுதியது:

கந்தகம் சார் நஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஆனால் கொல்லாத பரப்பு எல்லாம் வளர்க்கும் பரப்பு ஆகிவிடாது. செல் ஒட்ட வேண்டும். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டாவிட்டால் பெருகாது, அதைக் கெடுக்க நஞ்சே தேவையில்லை.

செல் நேரடியாக ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ தொடுவதில்லை. நீங்கள் சீரம் (இரத்தத் தெளிநீர்) கலந்த மீடியத்தை ஊற்றியதும் புரதங்கள் பரப்பில் படிந்துவிடும். பிறகு வரும் செல் அந்தப் புரத விரிப்பின் மேல்தான் உட்காருகிறது. ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் ஆர்ஜிடி என்னும் மூன்று அமினோ அமிலத் தொடர்தான் பிடிமானம் என்று 1984இல் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாட்டியும் காட்டினார்கள். செல் சவ்வில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது.

நாம் வாங்கும் வளர்ப்புத் தட்டும் வெறும் பாலிஸ்டைரின் இல்லை. வெறும் பாலிஸ்டைரின் நீரை ஒட்டவிடாது, செல்லும் சரியாக ஒட்டாது. பிளாஸ்மா அல்லது மின்னிறக்கத்தால் பரப்பில் ஆக்ஸிஜன் ஏற்றி நீர்விருப்பமுள்ளதாக ஆக்கித்தான் விற்கிறார்கள். ரப்பர் படலமும் அடிப்படையில் ஹைட்ரோகார்பன்தான், தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அந்த மாதிரிப் பரப்பில் சீரத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். அதில் செல்லுக்குப் பிடிமானம் இல்லை. அதனால் மீடியம் ஊற்றும் முன்பே ஃபைப்ரோநெக்டினோ கொலாஜனோ பூசுங்கள். பாலிலைசினும் உதவும். பிரேசில்காரர்கள் தொடக்கத்தில் பாலுடன் 0.1 சதவீதம் பாலிலைசின் கலந்துதான் சவ்வு செய்தார்கள்.

---

வளர்தட்டு எழுதியது:

நன்றி. பிரேசில் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

---

ஒட்டும்_செல் எழுதியது:

சாவோ பாவ்லோ மாநிலத்தில் ரிபெய்ராவ் பிரேத்தோ என்று ஒரு நகரம். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஃபாத்திமா முருவே என்ற அறுவை மருத்துவரும் ஜோவாகிம் கோத்தினோ நெட்டோ என்ற உயிர்வேதியியலாளரும் 1990களில் தொடங்கியது. நாய்களின் கழுத்துப் பகுதி உணவுக்குழாயை ரப்பர் பாலில் செய்த குழாயால் மாற்றிப் பார்த்தார்கள். குழாய் நிரந்தரமாகத் தங்கவில்லை. ஆனால் அது இருந்த இடத்தில் புதுத் திசு வளர்ந்திருந்தது, புதிய இரத்தக் குழாய்களும் வந்திருந்தன. அங்கிருந்து ஆறாத கால் புண், கிழிந்த செவிப்பறை என்று விரிந்து, பயோக்யூர் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது.

இன்னொரு வேடிக்கை. ரப்பரின் தாய்நாடு அமேசான், ஆனால் பிரேசிலின் ரப்பர் இன்று பெருமளவு சாவோ பாவ்லோவிலிருந்துதான் வருகிறது. அமேசானில் தோட்டமாக நெருக்கி நட்டால் இலைக்கருகல் பூஞ்சை வந்து அழித்துவிடும். 1928இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அங்கே தொடங்கிய ஃபோர்டுலாந்தியா தோட்டத்தையும் அதுதான் தின்றது. சாவோ பாவ்லோ மேட்டு நிலத்தின் வறண்ட பருவம் அந்தப் பூஞ்சைக்கு ஒத்துவராது.

---

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். எல்லோரும் வேதியியலே பேசுகிறீர்கள், அலர்ஜியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? ரப்பர் பால் புரதத்துக்கு ஒவ்வாமை வந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கையில் தடிப்பு என்று ஆரம்பித்து மூச்சுத் திணறல் வரை போகும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப அறுவை செய்துகொண்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம். வாழைப்பழமும் கிவியும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் நோயாளியிடம் நாங்கள் உடனே லேடெக்ஸ் (ரப்பர் பால்) பற்றிக் கேட்போம். பவுடர் போட்ட கையுறைகளை அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து தடையே செய்துவிட்டார்கள். அந்தப் பவுடர் இந்தப் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கும் என்பதும் ஒரு காரணம். இப்படிப்பட்ட பொருளைத் திறந்த புண்ணில் போடுவதா?

---

கந்தகம் எழுதியது:

அக்கா கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் துறையின் முடிச்சே இதுதான்.

ரப்பர் பாலில் மிதக்கும் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. அந்த உறையில்தான் ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்ற ஒவ்வாமைப் புரதங்கள் இருக்கின்றன. துகளுக்கு வெளியே நீர்ப்பகுதியில் ஹெவீன் போன்ற ஒவ்வாமைப் புரதங்கள். படலத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கரையும் புரதம் நிறையப் போகும். நொதியால் புரதத்தை வெட்டலாம், யூரியாவும் சோப்புப் பொருளும் போட்டுப் பிரிக்கலாம், குளோரினிலும் முக்கலாம்.

ஆனால் பிரேசில்காரர்கள் புது இரத்தக் குழாய்கள் முளைக்கக் காரணம் என்று கைகாட்டுவதும் பாலிலுள்ள புரதப் பகுதியைத்தான்! எல்லாப் புரதத்தையும் உரித்துவிட்டால் ஒவ்வாமை குறையும், கூடவே அந்தப் பலனும் போய்விடலாம். ஊறி வெளியே வரும் புரதம் மருந்தா, தொல்லையா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பதில் கிடையாது.

---

ஒட்டும்_செல் எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். வளர்தட்டு கேட்பது ஆய்வகத் தட்டில் வளர்ப்பது. ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ எதிர்ப்பொருளும் மாஸ்ட் செல்லும் தட்டில் இல்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் நன்றாக வளர்ந்தது என்பதை வைத்து "உடம்புக்கு நல்லது" என்று முடிவு கட்டவே கூடாது. அக்கா சொல்லும் ஆபத்து தட்டில் கண்ணுக்கே தெரியாது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் "எனவே மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்தது" என்று எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? சிலிகோன் இருக்கிறதே. பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பரை ஊற்றினால் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும், ஒவ்வாமை இல்லை, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் மென்மையானது, அதனால் செல்லுக்கு இதம் என்று யாரோ எழுதியதைப் படித்தேன், அதுதான் காரணமா?

---

ஒட்டும்_செல் எழுதியது:

மென்மை என்ற வாதம் எனக்கு ஏற்பு இல்லை. 2006இல் எங்லர், டிஷர் குழு செய்த வேலை புகழ்பெற்றது: ஒரே எலும்பு மஜ்ஜைத் தண்டுச் செல்கள், ஜெல்லின் விறைப்பு 1 கிலோபாஸ்கல் அளவில் இருந்தால் நரம்புச் செல் பக்கம் சாய்ந்தன, 11 அளவில் தசைப் பக்கம், 34 அளவில் எலும்புப் பக்கம். ரப்பர் படலம் ஆயிரம் கிலோபாஸ்கல் அளவில் நிற்கிறது. நம் விரலுக்குத்தான் அது மெத்து, செல்லுக்கு அது கல். சாதாரண பிடிஎம்எஸ்ஸும் ஏறக்குறைய அதே அளவுதான். பாலிஸ்டைரின் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் விறைப்பு என்பது உண்மை. ஆனால் இந்த எல்லையைத் தாண்டிய பிறகு செல்லுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

1980இல் ஹாரிஸ் குழு சிலிகோன் எண்ணெய் மேல் தீச்சுவாலையைக் காட்டி மெல்லிய தோல் படியவைத்து அதில் செல்களை விட்டார்கள். ஊர்ந்த செல்கள் அந்தத் தோலைச் சுருக்கம் விழ இழுத்தன. செல் இழுக்கும் விசையை முதல்முறை கண்ணால் பார்த்தது அப்போதுதான். அவ்வளவு மெல்லிய தோலாக இருந்தால்தான் அது நடக்கும். நாம் வார்க்கும் ரப்பர் படலத்தில் ஒரு சுருக்கமும் விழாது.

ரப்பர் பிடிஎம்எஸ்ஸை ஜெயிக்கும் இடம் நீட்சி. சாதாரண பிடிஎம்எஸ் ஏறக்குறைய இருமடங்கு நீண்டாலே கிழிந்துவிடும். ரப்பர் ஐந்தாறு மடங்குக்கு மேல் போகும். நீட்டும்போது சங்கிலிகள் வரிசையாகிப் படிகமாவதால் கிழிசல் பரவாமல் தடுத்துக்கொள்ளும். நுரையீரல், சிறுநீர்ப்பை, தசைநாண் போல இழுபட்டுக்கொண்டே இருக்கும் திசுக்களின் செல்களை நாள்கணக்கில் இழுத்து விட்டு வளர்க்க வேண்டுமா, ரப்பரைப் பற்றி யோசிக்கலாம். சும்மா தட்டையாக வளர்க்க மட்டும் என்றால் நானும் பிடிஎம்எஸ்தான் எடுப்பேன்.

---

கீரிப்பாறைக்காரன் எழுதியது:

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, கன்னியாகுமரிப் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன்: எந்த மரத்துப் பால், எந்த மாதத்துப் பால் என்று யாரும் எழுதவில்லையே? எங்கள் பக்கம் பெரும்பாலும் 105 என்ற ரக மரம். தை மாசியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது பால் குறையும், அதன் குணமும் மாறும். மழைக் காலத்தில் நீர்த்துப் போகும். விடியுமுன் வெட்டினால் வருகிற பால் வெயில் ஏறினால் வராது. சிரட்டையில் விழுந்த பால் அம்மோனியா போடாமல் மதியம்வரை இருந்தால் புளித்துக் கட்டி தட்டும். இவ்வளவு மாறுகிற பொருளை வைத்து நீங்கள் எப்படி ஒரே மாதிரி சோதனை செய்வீர்கள்?

---

கந்தகம் எழுதியது:

அண்ணாச்சி சொல்வதை ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. பிரேசிலில் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற மலேயா ரகம்தான் அதிகம் புழங்கும், இங்கே ஆர்ஆர்ஐஐ 105. புரதமும் லிப்பிடும் ரகத்துக்கு ரகம் வேறு. வளர்தட்டு, ஒரே பாலை மொத்தமாக வாங்கிப் பிரித்து வைத்து, ரகம், வெட்டிய மாதம், அம்மோனியா அளவு எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாம் தொகுதிப் பாலில் வந்த முடிவை முதல் தொகுதியோடு கலக்காதீர்கள்.

---

வளர்தட்டு எழுதியது:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். சரி, வார்ப்பது எப்படி? கிருமி நீக்குவது எப்படி? ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) போடலாமா?

---

கந்தகம் எழுதியது:

வார்ப்பது எளிது. பாலை மெல்லிய வலையில் வடிகட்டி, குமிழி அடங்கும் வரை வைத்து, சமதளமான கண்ணாடி பெட்ரித் தட்டில் ஊற்றி, 40 டிகிரியில் காயவிடுங்கள். ரப்பர் கண்ணாடி போல விறைத்துப்போகும் வெப்பநிலை (கண்ணாடி நிலை மாற்றம்) மைனஸ் 60க்கும் கீழே, அதனால் துகள்கள் தாமாகவே நெருங்கி ஒன்றாகிவிடும், சூடாக்கத் தேவையில்லை. வெள்ளை மறைந்து இளமஞ்சளாகத் தெளிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் பால் நிறத் திட்டு இருந்தால் உள்ளே இன்னும் நீர். பிறகு 70 டிகிரி வெந்நீரில், நீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். ஊறும்போது படலம் மறுபடி வெளுக்கும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் திரும்பத் தெளியும்.

கண்ணாடியைத் தொட்ட பக்கமும் காற்றைப் பார்த்த பக்கமும் ஒன்றல்ல. புரதமும் உப்பும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் படியாது. ஒரு மூலையை வெட்டி அடையாளம் வையுங்கள்.

ஆட்டோகிளேவ் வேண்டாம். வல்கனைஸ் செய்யாத படலம் 121 டிகிரியில் பிசினாகிவிடும். கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு ரப்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாகக் காற்றாட விடாவிட்டால் அதுவே செல்லைக் கொல்லும். 25 கிலோகிரே அளவு காமாக் கதிர் நல்லது, ஆனால் ரப்பரின் விறைப்பும் வலிமையும் மாறும் என்பதால், எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு கொடுங்கள். ஆய்வகத்தில் விரைவாக வேண்டுமென்றால் 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து மலட்டு நீரில் கழுவலாம். யூவி விளக்கடியில் நெடுநேரம் விட்டால் பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வெடிப்பு விடும்.

---

ஒட்டும்_செல் எழுதியது:

செல் பக்கத்திலிருந்து மூன்று தொல்லைகள் சொல்லிவிடுகிறேன்.

ரப்பரின் அடர்த்தி 0.92. மீடியத்தில் மிதக்கும்! 24 குழித் தட்டில் வட்டமாக வெட்டிப் போட்டு செல்லை ஊற்றினால், படலம் மேலே வந்து நிற்கும், செல்கள் எல்லாம் அடியில் பிளாஸ்டிக்கில் வளரும். அதை எண்ணிவிட்டு "ரப்பரில் அருமையாக வளர்ந்தது" என்று எழுதிய கதைகள் உண்டு. மேலே கண்ணாடி வளையமோ சிலிகோன் ஓ-ரிங்கோ வைத்து அழுத்துங்கள். அடியில் ஒட்டவிடாத தட்டைப் பயன்படுத்தினால் இன்னும் நம்பிக்கை.

அடுத்து, செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனை. ஊதா நிறம் உயிருள்ள செல்லால்தான் வரும் என்று நம்புகிறோம். ஆனால் தயால் என்ற கந்தக வேதித்தொகுதி உள்ள புரதங்களும் வேறு ஒடுக்கிகளும் செல் இல்லாமலேயே அந்த நிறத்தைக் கொடுக்கும். செல் இல்லாத வெறும் படலத்தையும் கூடவே வைத்து, அதன் அளவைக் கழியுங்கள். டிஎன்ஏ அளவை எடுத்தும் சரிபாருங்கள்.

பிறகு மைக்ராஸ்கோப். படலம் மஞ்சள், நீரில் ஊறினால் மங்கல். சாதாரண ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. நிறமேற்றி ஃப்ளூரசன்ஸில் பார்க்க வேண்டும், பச்சையில் படலமே கொஞ்சம் ஒளிரும் என்பதால் சிவப்புச் சாயம் எடுங்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

பின்லாந்தில் லேடெக்ஸ் பூசிய காகிதத்தில் செல் வளர்த்ததாகப் படித்தேன். அதையே செய்தால் என்ன?

---

ஒட்டும்_செல் எழுதியது:

துர்க்கு நகரத்து ஓபோ அகாடமி வேலையைச் சொல்கிறீர்கள். நல்ல வேலை, ஆனால் அது செயற்கை லேடெக்ஸ். இரண்டு வகைப் பாலிமர்த் துகள்களைக் கலந்து பூசி, சூடேற்றி, நானோ அளவில் மேடு பள்ளம் வரவைப்பது. மரத்துப் பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தேடும்போது இரண்டும் கலந்து வரும், பார்த்து எடுங்கள்.

---

வளர்தட்டு எழுதியது:

கடைசியாக ஒன்று. ஹெச்ஏ பால் கொஞ்சமாக எங்கே கிடைக்கும்? விசாரித்த இடத்தில் ஒரு டிரம்முக்குக் கீழே பேச மாட்டேன் என்கிறார்கள். ஒரு லிட்டர் போதும் எனக்கு.

---

கீரிப்பாறைக்காரன் எழுதியது:

தங்கச்சி, அடர்த்தியாக்கிய பால் என்னிடம் இல்லை. மரத்திலிருந்து வெட்டிய பால் வேண்டுமானால் தருகிறேன், காசு வேண்டாம். அதில் ரப்பர் 30லிருந்து 40 சதவீதம்தான் இருக்கும். அம்மோனியாவை நீங்களே அளந்து கொண்டுவாருங்கள், நான் தோட்டத்தில் கண்ணளவுக்கு ஊற்றுவதுதான், உங்கள் கணக்குக்கு அது ஆகாது. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு வாருங்கள், விடிகாலையிலேயே வந்துவிட வேண்டும்.

---

கந்தகம் எழுதியது:

போகும்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் கேன் அல்லது கண்ணாடிப் புட்டி எடுத்துப் போங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் கிட்டவே வேண்டாம். செம்பு துளி பட்டாலும் படலம் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும். வார்த்துக் கழுவி முடித்ததும், செல் போடும் முன்னால் ஒரு துண்டை வெறும் மீடியத்தில் போட்டு ஒரு நாள் இன்குபேட்டரில் வையுங்கள். மீடியத்திலுள்ள ஃபீனால் ரெட் நிறங்காட்டி ஊதாப் பக்கம் போனால் அம்மோனியா இன்னும் கசிகிறது, மறுபடி ஊறப் போடுங்கள்.